கூட தங்கியிருந்தவர் தராமல் போன பணம்: சேலத்தில் வழக்குப் போட்டு வாங்க முடியுமா?

கேட்டிருப்பதன் சுருக்கம் இதுதான். அழகாபுரத்தில் மாதம் 12,000 ரூபாய் வாடகைக்கு வீடு எடுத்து நண்பர்கள் இரண்டு பேர் தங்கியிருந்தார்கள். அட்வான்ஸ் 50,000, ஆளுக்குப் பாதி. வாடகை ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 2024 மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதம் நண்பர் தன் பங்கைத் தரவில்லை, கேள்வி கேட்டவரே முழு வாடகையையும் ஓனருக்குக் கட்டினார். கரண்ட் பில், சிலிண்டர் என்று நண்பர் பங்கு இன்னொரு 4,500. அதற்கு முன் 2024 ஜனவரியில், நண்பரின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஜிபே மூலம் 20,000 கைமாற்று கொடுத்திருக்கிறார். நண்பர் வேலை மாறி ஓசூர் போய்விட்டார். போன பிறகு 3,000 மட்டும் அனுப்பி, "மீதியை அடுத்த மாசம் தர்றேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். அப்புறம் பதிலே இல்லை. 51,500 ரூபாய்க்கு வழக்குப் போட முடியுமா, சின்னத் தொகைக்கென்று தனி கோர்ட் உண்டா, போலீஸில் சொன்னால் சீக்கிரம் கிடைக்குமா?

அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் சிவில் வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். இந்த மாதிரிக் கேள்வியோடு வருகிறவர்களிடம் கோர்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் கணக்கு நோட்டைத்தான் கேட்பேன். உங்களிடமும் அதையே கேட்கிறேன், ஏனென்றால் உங்கள் கணக்கில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

நீங்கள் வீட்டைக் காலி செய்தபோது ஓனர் பெயின்ட், ரிப்பேர் என்று 14,000 பிடித்துக்கொண்டு 36,000 ரூபாயை உங்கள் கையில் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 36,000-இல் பாதி உங்கள் நண்பருடையது. அட்வான்ஸில் அவரும் 25,000 போட்டிருக்கிறார், பிடித்தத்தில் அவர் பங்கு 7,000, ஆக 18,000 ரூபாய் அவருக்குச் சேர வேண்டியது, அது உங்களிடம் இருக்கிறது. அவர் தர வேண்டியது 51,500. கழித்தால் 33,500. உங்கள் வழக்கு இந்தத் தொகைக்குத்தான்.

இதைப் படித்ததும் மனசு கசக்கும், தெரியும். ஏமாற்றிவிட்டுப் போனவருக்கு நான் எதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் 51,500 என்று எழுதிப் பிராது, அதாவது வழக்கு மனு, போட்டால், அவருடைய வக்கீல் முதல் வேலையாக அந்த அட்வான்ஸைத்தான் எடுப்பார். எதிருரையிலேயே, அதாவது வழக்குக்கு அவர் எழுதிக் கொடுக்கும் பதிலிலேயே, ஈடுகட்டக் கேட்கலாம், எதிர்கோரிக்கையும் வைக்கலாம், சிவில் நடைமுறைச் சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது. குறுக்கு விசாரணையில், "அட்வான்ஸ் முழுவதையும் நீங்கள்தானே வாங்கினீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் நியாயமாகப் பேசுகிறவர் என்ற பெயர் உங்களுக்குப் போய்விடும். நீங்களாகவே கழித்துக் காட்டினால், மீதி 33,500-ஐப் பற்றி நீங்கள் சொல்வதை நீதிபதி நம்புவதற்கு அதுவே காரணமாகும்.

இந்த 33,500-க்குள் இருப்பது ஒரே வகைப் பணம் இல்லை. ஜிபேயில் அனுப்பிய 20,000 கடன். வாடகை கடன் இல்லை. இருவரும் சேர்ந்து ஓனருக்குக் கட்ட ஒப்புக்கொண்ட தொகையில் அவர் பங்கையும் நீங்கள் கட்டினீர்கள். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டால், அதைப் பெற வேண்டியவர் யாராவது ஒருவரிடமே முழுத்தொகையையும் கேட்கலாம். அப்படிக் கட்டியவர் மற்றவரிடம் சம பங்கைக் கேட்டு வாங்கலாம். ஓனர் உங்களிடமே முழு வாடகையையும் வாங்கியதில் தப்பில்லை. நீங்கள் நண்பரிடம் பாதியைக் கேட்பதிலும் தப்பில்லை. ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இருப்பது உங்களுக்குப் பெரிய பலம்.

ஒப்பந்தம் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கிற வீடுகள்தான் ஊரில் அதிகம். அவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். வாய்ப்பேச்சில் செய்துகொண்ட ஏற்பாடும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் பாடு. பிரச்சினை வருவதற்கு முந்தைய மாதங்களில் ஒன்றாம் தேதி வாக்கில் அவர் கணக்கிலிருந்து 6,000 ரூபாய் வந்துகொண்டே இருந்தது என்று பேங்க் ஸ்டேட்மென்டில் தெரிந்தால், ஏற்பாடு என்ன என்பதை அதுவே சொல்லும். ஏற்காட்டில் ரிசார்ட் வேலைக்கு வந்து நான்கைந்து பேராக ரூம் எடுத்துத் தங்குகிற பையன்கள் எல்லாவற்றையும் ரொக்கமாகவே கொடுத்து வாங்குகிறார்கள். அங்கே அதே ரூமில் இருந்த மூன்றாவது ஆளின் சாட்சியம்தான் ஆதாரம். அவர் ஊர் மாறிப் போவதற்குள் முகவரி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும்? 1963-ஆம் வருடக் காலவரம்புச் சட்டப்படி மூன்று வருடம். கைமாற்றுக்குக் கொடுத்த நாளிலிருந்தும், அவருக்காக நீங்கள் கட்டிய பணத்துக்குக் கட்டிய நாளிலிருந்தும் எண்ண வேண்டும். ஆகவே உங்கள் 20,000 ரூபாய்க்கு 2027 ஜனவரியோடு காலம் முடிகிறது. மே மாத வாடகைக்கு 2027 மே, இப்படி ஒவ்வொரு மாதமும் தனித்தனி. எல்லாவற்றையும் ஒரே பிராதில் சேர்த்துப் போடப்போவதால், முதலில் காலாவதி ஆகிற தேதியையே உங்கள் கடைசித் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் 3,000 அனுப்பியதால் காலம் புதுப்பிக்கப்படாதா என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். மூன்று வருடம் முடிவதற்குள் கடன்காரர் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும், அது 18-ஆவது பிரிவு. பகுதிப் பணம் கட்டினாலும் அப்படியே, ஆனால் கட்டியதற்கு அவர் கைப்பட எழுதியதோ அவர் கையெழுத்திட்ட எழுத்தோ வேண்டும், அது 19-ஆவது பிரிவு. "அடுத்த மாசம் தர்றேன்" என்ற வாட்ஸ்அப் வரியைக் கடன் இருந்ததற்கு ஆதாரமாகத் தாராளமாகக் காட்டலாம். காலத்தை நீட்டிக்க அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், கையெழுத்து எங்கே என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

அதனால், வழக்கைப் பற்றி யோசிக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பொதுவான நண்பர் யாராவது இருந்தால் அவரை வைத்துப் பேசி, ஒரு வெள்ளைத்தாளில், இன்ன வகையில் இவ்வளவு தர வேண்டும், மாதம் இவ்வளவாகத் தருகிறேன் என்று எழுதி நண்பரிடம் கையெழுத்து வாங்குங்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்கள்கூட இதற்குச் சம்மதிப்பார்கள். என் அனுபவத்தில் கோர்ட்டில் வாதாடிய எந்த வாதத்தையும்விட இந்த ஒரு தாள் அதிகம் வசூலித்துக் கொடுத்திருக்கிறது. காலாவதியான கடனுக்குக்கூட, தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தச் சட்டம் 25-ஆவது பிரிவின்படி அது செல்லும். புரோநோட்டாக, அதாவது கடனுறுதிச் சீட்டாக, வாங்குவதென்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் குறுக்காகக் கையெழுத்து விழ வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள், பின்னால் அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது.

அந்தத் தாளில் வட்டி எழுத வேண்டுமென்றால் நியாயமாக எழுதுங்கள். கோபத்தில் நூற்றுக்கு ஐந்து, பத்து என்று மாத வட்டி போட்டுவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. பணத்தைக் கேட்கப் போய் நீங்கள் பதில் சொல்லும் நிலைமை வந்துவிடும்.

கையெழுத்துக்கு அவர் மசியவில்லை என்றால் அடுத்தது நோட்டீஸ். தனி ஆள் மீது பண வழக்குப் போட நோட்டீஸ் கட்டாயம் இல்லை. இருந்தாலும் அனுப்புங்கள், ஏனென்றால் நோட்டீஸிலேயே முடிந்துபோகிற விவகாரங்கள் நிறைய. வக்கீல் மூலமாகவோ நீங்களே கையெழுத்திட்டோ அனுப்பலாம். ஒவ்வொரு தொகையும் எந்தத் தேதியில், எதற்காக, அட்வான்ஸில் எவ்வளவு கழித்திருக்கிறது, எத்தனை நாளில் தர வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். திட்டு, மிரட்டல் ஒரு வார்த்தைகூட வேண்டாம், நாளைக்கு நீதிபதி படிக்கப் போகிற காகிதம் அது. ரெஜிஸ்டர்டு போஸ்ட் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதையும் ட்ராக்கிங் விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஓசூர் முகவரிக்கு ஒன்று, சொந்த ஊர் வீட்டு முகவரிக்கு ஒன்று. சரியான முகவரிக்குப் போன தபாலை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினாலும் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

தனி கோர்ட் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். வெளிநாடுகளில் இருப்பதுபோல், வக்கீல் இல்லாமல் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்து ஒரே நாளில் முடித்துக்கொள்கிற கோர்ட் நம்மிடம் இல்லை. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் என்று தனியாக இருக்கிறது, 1882-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்தது. மற்ற ஊர்களுக்கு 1887-ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. நடைமுறையில், சேலத்தில் உங்கள் 33,500 ரூபாய் வழக்கு போய்ச் சேரும் இடம் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், எல்லோரும் சொல்கிற முன்சீஃப் கோர்ட். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ரூம்மேட் உங்களுக்குச் சேவை விற்றவர் இல்லை, அங்கே எடுக்க மாட்டார்கள். 2017-ஆம் வருட வாடகைச் சட்டத்தின் கீழ் வந்த வாடகை நீதிமன்றமும் ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான விஷயத்துக்குத்தான்.

அவர் ஓசூரில் இருப்பதால் நீங்கள் ஓசூருக்கு அலைய வேண்டியதில்லை. பிரதிவாதி வசிக்கும் ஊரில் போடலாம், அல்லது வழக்குக்கான காரணம் முழுதாகவோ பகுதியாகவோ எழுந்த ஊரில் போடலாம் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. வீடு அழகாபுரத்தில், ஒப்பந்தம் சேலத்தில், வாடகை கட்டியது சேலத்தில். இங்கேயே போடலாம்.

ஆனால் முன்சீஃப் கோர்ட்டுக்குப் போகும் முன், அதே வளாகத்தில் இருக்கிற மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வழக்குப் போடுவதற்கு முந்தைய நிலையிலேயே மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில், உங்கள் விவகாரத்தை எடுப்பார்கள். கட்டணம் ஒரு பைசா கிடையாது. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். அவருக்கு ஆணைக்குழுவிலிருந்து நோட்டீஸ் போகும். இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு தொகைக்கும் தவணைக்கும் ஒத்துக்கொண்டால், அந்த உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. தவணை தவறினால், உத்தரவை அமல்படுத்திப் பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் நிறைவேற்று மனுவை நேரே போடலாம். 33,500-இல் மூன்று, நான்காயிரம் விட்டுக்கொடுத்தாலும் இங்கே முடித்துக்கொள்வது லாபம் என்பது என் திடமான கருத்து. வழிமுறை தெரியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் வருகிறவர்கள் ஆகியோருக்கு இதே ஆணைக்குழு இலவசமாக வக்கீலும் வைத்துக் கொடுக்கும்.

இதில் இரண்டு குறை உண்டு. அவர் வராவிட்டால் வா என்று இழுத்துவர லோக் அதாலத்தால் முடியாது. அதோடு, அங்கே மனு கொடுத்துவிட்டோம் என்பதற்காக அந்த மூன்று வருடக் கணக்கு நின்றுவிடாது. கடைசித் தேதி நெருங்கிவிட்டால் பேச்சுவார்த்தையை நம்பாமல் முதலில் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். வழக்கு கோர்ட்டில் இருக்கும்போதும் அதை லோக் அதாலத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அங்கே சமரசமானால் நீங்கள் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

வழக்கே போடுவதென்றால் செலவு என்ன? தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் முன்பு நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்தது, 2017-இல் மூன்று ரூபாயாகக் குறைத்தார்கள். உங்கள் தொகைக்கு 1,005 ரூபாய். சம்மன் பேட்டா, டைப்பிங், நகல் செலவு தனி. வக்கீல் ஃபீஸை முதல் நாளிலேயே பேசி முடிவு செய்யுங்கள், நிறைவேற்று மனுவும் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். வக்கீல் இல்லாமல் நீங்களே நேரில் நடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு, பிராதும் தமிழில் இருக்கலாம். ஆனால் வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டு வர முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது விட்ட தொகைக்குப் பின்னால் தனி வழக்குப் போட விடமாட்டார்கள் என்பதால், கேட்க வேண்டியதை எல்லாம் இதிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஆதாரங்களில் பேங்க் ஸ்டேட்மென்ட் முக்கியம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடாமல், கிளையில் முத்திரையோடு சான்றளித்த ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலுக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் நீங்கள் கையெழுத்திடும் பகுதி ஒன்று, கணினி நிபுணர் கையெழுத்திடும் பகுதி ஒன்று. உரையாடலை முழுதாக எடுத்து வையுங்கள், உங்களுக்கு வசதியான நான்கு வரியை மட்டும் எடுக்காதீர்கள். வழக்கு முடிகிற வரை அந்த போனை விற்கவோ எக்ஸ்சேஞ்ச் கொடுக்கவோ வேண்டாம். ஓனர் கொடுத்த வாடகை ரசீது, அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்த கணக்கு இரண்டும் வேண்டும். ஓனர் சாட்சி சொல்லச் சம்மதித்தால் வழக்குப் பாதி முடிந்த மாதிரி.

தாக்கல் ஆனதும் சம்மன் போகும். வாங்கிய நாளிலிருந்து முப்பது நாளில் அவர் எதிருரை போட வேண்டும், கோர்ட் அனுமதித்தால் தொண்ணூறு நாள் வரை. வரவே இல்லை என்றால் உங்கள் சாட்சியத்தை மட்டும் பதிவு செய்து எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு கொடுப்பார்கள். அதை ரத்து செய்யச் சொல்லி அவர் மனு போடலாம் என்பதையும் எதிர்பார்த்தே இருங்கள். எழுத்திலான ஒப்பந்தமோ புரோநோட்டோ இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37-இன்படி சுருக்க வழக்காகப் போடலாம். அதில் பத்து நாளில் அவர் ஆஜராக வேண்டும், எதிர்த்து வாதாடக் கோர்ட்டின் அனுமதியும் வாங்க வேண்டும். அந்த வெள்ளைத்தாளில் நான் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன் என்பது இங்கே புரியும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கப் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியிலேயே தெரியும். எத்தனை மாதத்தில் முடியும் என்று யாராவது தேதி குறித்துக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

தீர்ப்பு வந்துவிட்டால் பணம் வந்துவிட்ட மாதிரி என்று நினைக்கிறவர்களுக்காகவே இந்தப் பகுதி. தீர்ப்பாணை கையில் இருந்தால் பன்னிரண்டு வருடம் வரை நிறைவேற்று மனு போடலாம். அவரிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வசூல். அவர் ஓசூர் கம்பெனியில் மாதச் சம்பளக்காரர் என்கிறீர்கள், அது நல்லது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 25,000 சம்பளம் என்றால் மாதம் 8,000 வரை ஜப்தி செய்யலாம், உங்கள் தொகை ஐந்து மாதத்தில் வந்துவிடும். தீர்ப்பாணையை ஓசூர் கோர்ட்டுக்கு மாற்றி அங்கே மனு போட வேண்டியிருக்கும். இதுவே அவர் செவ்வாப்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறவராக இருந்திருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். கூலித் தொழிலாளியின் கூலியையும் கைவினைஞரின் கருவிகளையும் சட்டம் ஜப்தியிலிருந்து காப்பாற்றுகிறது, பி.எஃப். பணத்தையும் தொட முடியாது. அப்படிப்பட்டவர் மீது வழக்குப் போடுவதைவிட மாதம் ஆயிரமாக வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். சிவில் ஜெயில் என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கொடுக்க வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்க்கிறார் என்று காட்டினால்தான் அது. வசதியே இல்லாதவரை உள்ளே தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது.

போலீஸ் விஷயம் சுருக்கமாக. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடிக் குற்றம். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உண்மையாகவே வாங்கியவர் பின்னால் தரவில்லை என்றால் அது சிவில். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கலாம், கூப்பிட்டுப் பேசவும் செய்யலாம், வசூலித்துக் கொடுப்பது அவர்கள் வேலை இல்லை. அவர் காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் மட்டும் கதை வேறு. வங்கியிலிருந்து தகவல் வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ், கிடைத்ததிலிருந்து அவருக்குப் பதினைந்து நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இதில் நாள் தவறவே கூடாது.

கடைசியாக, அவர் விட்டுப்போன கட்டிலும் மிக்சியும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் உங்களிடம் இருப்பதாகவும், பணம் வரும் வரை தர மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, மார்க் ஷீட்டை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அதைப் பிடித்து வைக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, ஒருவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது. கட்டிலையும் மிக்சியையும் விற்றுவிடாமல், இன்ன தேதிக்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நோட்டீஸிலேயே ஒரு வரி சேருங்கள். அவருடைய மேனேஜருக்கு போன் செய்வது, போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டு ஏமாற்றுக்காரர் என்று எழுதுவது இதெல்லாம் உடனே நிற்க வேண்டும், அவதூறு என்று அவர் உங்கள் மீது வழக்குப் போட வழி விட்டுவிடாதீர்கள். இந்த வாரம் பேங்க் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள், கணக்கை 33,500 என்று திருத்தி எழுதுங்கள், வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு ஒரு வேலை நாளில் காலையிலேயே ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். அவருடைய ஓசூர் முகவரி கதவு எண்ணோடு சரியாக இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், நோட்டீஸ் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.